மாம்பழத் தோலும் மகளின் மதிப்பும்

பெண் குழந்தைகளிடம் தன்மதிப்பை வளர்க்க வேண்டும் என்று இன்று எல்லாரும் பேசுகிறார்கள். 1995ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரில் கூடிய உலகப் பெண்கள் மாநாடு, தனிக் கவனம் செலுத்த வேண்டிய பன்னிரண்டு பொருள்களுள் ஒன்றாகப் பெண் குழந்தையை வைத்தது. 2012 முதல் அக்டோபர் 11ஆம் நாளைப் பெண் குழந்தைகளுக்கான நாளாக ஐக்கிய நாடுகள் அவை கடைப்பிடித்து வருகிறது. நம் பங்குகளிலும் அந்நாளில் கூட்டம் நடத்துகிறோம். 'நீ விலைமதிப்பற்றவள்' என்று வண்ண அட்டையில் எழுதிச் சிறுமிகளின் கையில் கொடுக்கிறோம். அட்டை வீடு போய்ச் சேர்கிறது. அதன்பின் என்ன ஆகிறது? தன்மதிப்பு என்பது சொல்லிக் கொடுத்து வருவதுதானா?

இக்கேள்வியோடு நான் மறுபடியும் கையில் எடுத்த நூல் பாமாவின் 'சங்கதி'. 1994இல் வெளிவந்த இந்நாவலைக் குருமட மாணவனாக இருந்த நாள்களில் முதலில் வாசித்தேன். மேசைமேல் வெளிப்படையாக வைத்து வாசிக்க அன்று நாங்கள் தயங்கிய நூல் அது. இப்போது அதை மண்ணரையில், பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் இளம்பெண்கள் ஏழெட்டுப் பேரோடு அமர்ந்து வாசித்தேன். நான் முன்பு வாசித்த சங்கதியும் அவர்கள் எனக்கு வாசித்துக் காட்டிய சங்கதியும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை எழுதி வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலும் ஆசிரியரும்

பாமா 1958இல், இன்றைய விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில், தலித் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். ஆசிரியையாகப் பணியாற்றியவர். ஏழை மாணவியருக்குத் தொண்டு செய்யலாம் என்ற எண்ணத்தோடு துறவற சபை ஒன்றில் சேர்ந்தவர். ஏழாண்டுகளுக்குப் பின் அதைவிட்டு வெளியேறியவர். 1992இல் வந்த 'கருக்கு' அந்த வெளியேற்றத்தின் பின்னணியில் எழுதப்பட்ட தன்வரலாறு. பனைமட்டையின் இருபுறமும் கூரியதாக இருக்கும் கருக்கை, இருபுறமும் வெட்டும் வாளுக்கு இறைவார்த்தையை ஒப்பிடும் எபிரேயர் திருமுகத்தோடு தம் முன்னுரையில் ஆசிரியர் இணைத்துக் காட்டுகிறார். நம்மை விட்டுப் போனவர் என்று நாம் கருதிய ஒருவர், தம் முதல் நூலுக்கு விளக்கம் தேடி விவிலியத்திடமே சென்றிருக்கிறார். இதை நம்மவர் பலர் கவனிக்கவில்லை.

'கருக்கு' ஒருத்தியின் கதை. 'சங்கதி' ஓர் ஊர்ப் பெண்கள் அனைவரின் கதை. அதில் தொடர்ச்சியான கதைப்பின்னல் இல்லை. பாட்டி பேசுகிறாள், பேத்தி கேட்கிறாள். கிணற்றடியிலும் களையெடுக்கும் காட்டிலும் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். பேச்சின் ஊடே ஒவ்வொருத்தியின் வாழ்வும் வந்து போகிறது. சாதி ஒரு புறமும் ஆண் மறுபுறமும் அழுத்த, நடுவில் நின்று அழுகிறவர்களாக மட்டுமன்றிச் சிரிக்கிறவர்களாகவும் ஏசுகிறவர்களாகவும் பாடுகிறவர்களாகவும் இப்பெண்கள் காட்டப்படுவதே இந்நூலின் தனிச்சிறப்பு எனலாம்.

தோலும் கொட்டையும்

ஒரு சிறுமி தன்னைத் தாழ்வாக எண்ண எங்கே கற்றுக்கொள்கிறாள் என்பதைப் பாமா மிகச் சிறிய நிகழ்ச்சிகளால் காட்டுகிறார். வேலை முடிந்து வரும் பாட்டி எதைக் கொண்டுவந்தாலும் முதலில் பேரன்களைத்தான் அழைக்கிறாள். மாம்பழம் என்றால் சதை அவர்களுக்கு. தோலும் கொட்டையும் பேத்திகளுக்கு. வேறு வழியில்லாமல் பேத்திகள் அதை எடுத்துத் தின்கிறார்கள். பால்குடி மறக்கச் செய்வதிலும் பெண் குழந்தைக்கே அவசரம். ஆண் குழந்தை அழுதால் உடனே தூக்குகிறார்கள். பெண் குழந்தையின் அழுகை காத்திருக்கலாம்.

பிள்ளைகள் கயிறு கட்டிப் பேருந்து ஓட்டி விளையாடும் காட்சி இன்னும் நுட்பமானது. முன்னால் நின்று ஓட்டுகிறவன் பையன். பின்னால் நின்று சீட்டுக் கொடுக்கிறவனும் பையன். பெண் பிள்ளைகள் நடுவில் ஏறிப் பொய்க்காசு கொடுத்து இறங்க வேண்டியவர்கள். விளையாட்டில்கூட அவர்களுக்கு வண்டி ஓட்டக் கிடைப்பதில்லை. இதை யாரும் அவர்களுக்குச் சட்டமாகச் சொல்லவில்லை. சொல்லாமலே கற்பிக்கப்படுவதால்தான் இப்பாடம் அவ்வளவு ஆழமாகப் பதிகிறது.

பின்னர் வரும் மாரியம்மாவின் கதை இதே பாடத்தின் முதிர்ந்த வடிவம். நிலக்காரன் ஒருவனின் கையிலிருந்து தப்பி வந்தவள்மீதே பழி விழுகிறது. ஊர்க்கூட்டம் கூடுகிறது. குற்றம் சுமத்தப்பட்ட ஆணைவிடப் பெண்ணுக்கு அதிகத் தண்டம் விதிக்கிறது. உண்மையை அறிந்த பெண்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அக்கூட்டத்தில் அவர்களின் பேச்சு ஏறுவதில்லை. மாம்பழத் தோலைத் தின்று வளர்ந்தவளின் சொல்லுக்கு மன்றத்தில் எடை இல்லாமற்போவது தற்செயல் அன்று. முன்னதே பின்னதற்குப் பயிற்சி.

மண்ணரையில் ஒரு ஞாயிறு

இன்று திருப்பூர் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட மண்ணரையில், லைன் வீடுகளில் வாழும் நம் மக்களுள் பலர் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். பாமாவின் நாவலில் மைக்கண்ணி என்ற சிறுமி தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். குடும்பத்தின் வயிறு அவள் விரல்களை நம்பி இருக்கிறது. அந்தச் சீமையிலிருந்து வந்த பெண்கள்தான் இன்று இங்கே கம்பெனி வேனில் ஏறுகிறார்கள். கைமடி, பிசிறு வெட்டுதல், செக்கிங், பேக்கிங் என்று அவர்களின் வேலைக்குப் பெயர்கள் மாறியுள்ளன. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கி, ஞாயிறு ஒரு நாள் ஓய்வெடுத்து, திங்கள் காலையில் மறுபடியும் வேனுக்கு நிற்கிறார்கள்.

ஞாயிறு மாலைகளில் இவர்களுக்காக நடக்கும் கூட்டத்தில்தான் 'சங்கதி'யின் முதல் பகுதிகளை வாசித்தோம். வாசிக்க முன்வந்தவளைக் கண்டு வியந்தேன். திருப்பலியில் முதல் வாசகம் வாசிக்கக் கேட்டபோதெல்லாம், "எனக்குப் பேச்சு சரியா வராது சாமி" என்று மறுத்து வந்தவள் அவள். எப்போதோ ஒரு முறை அவள் வாசித்தபோது, உச்சரிப்பைப் பலர் முன்னிலையில் திருத்தியிருக்கிறார்கள். திருத்தியவன் நான்தான் என்பதை வெகுநாள் கழித்தே அறிந்தேன். அவளே இப்போது, தன் தாய் பேசும் மொழியில் எழுதப்பட்ட பக்கங்களைத் தடையில்லாமல் வாசித்தாள். பாட்டியின் பேச்சு வந்த இடங்களில் அவள் குரலே மாறியது. மற்றவர்கள் சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள்.

மாம்பழப் பகுதி முடிந்ததும் நான் ஆயத்தமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "இந்தப் பாட்டி செய்தது சரியா?" தவறு என்று சொல்வார்கள், அதைப் பிடித்துக்கொண்டு இறைச்சாயலைப் பற்றி விளக்கலாம் என்பது என் திட்டம். அவளோ புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அந்தக் கெழவி மேல எனக்குக் கோவம் வரல சாமி. அதுக்கு யாரு பழம் குடுத்திருப்பா?"

முப்பது ஆண்டுகளாக இந்நூலை அறிந்தவன் நான். பாட்டியை அநீதியின் கருவியாகவே வாசித்து வந்திருக்கிறேன். அவளும் ஒரு காலத்தில் பேத்தியாக இருந்தவள், அவள் பங்குக்கும் தோலே கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெறாத ஒன்றை எப்படிக் கொடுப்பாள்? பாமா அப்பாட்டியை வெறுப்போடு வரையவில்லை. நாவலின் மிக அழகான பேச்செல்லாம் அவள் வாயிலிருந்தே வருகிறது. இதன் காரணம் அன்று எனக்கு விளங்கியது. தாழ்வுணர்ச்சி தாயிடமிருந்து மகளுக்குச் சீதனம்போல் இறங்குகிறது. கொடுக்கிறவளைக் குற்றவாளியாக்கிவிட்டால் மட்டும் அந்தச் சீதனம் நின்றுவிடாது.

ஒரு சொல்லும் ஒரு கடிதமும்

சீதனம் என்றதும் வேறொரு சொல் நினைவுக்கு வருகிறது. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரை இப்பகுதியில் அறியாதவர் இல்லை. நூற்பாலைகள் பலவற்றில் ஏழைக் குடும்பத்துப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். ஆலை வளாகத்து விடுதியிலேயே தங்க வைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தத் தொகையாகத் தருவோம் என்றார்கள். திருமணச் செலவுக்கு ஆகும் என்பதே ஈர்ப்பு. நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, இத்திட்டத்தின் நீண்ட வேலை நேரத்தையும், வெளியே செல்ல முடியாத விடுதி வாழ்வையும், இடையில் நின்றவர்கள் தொகையை இழந்ததையும் உலகறியச் செய்தது. அப்படிச் சேர்க்கப்பட்டவர்களுள் தலித் பெண்களே மிகுதி.

இலக்கியம் பயின்றவன் என்ற முறையில் அப்பெயரையே சற்று நோக்குகிறேன். சுமங்கலி என்பது கணவன் உயிரோடிருக்கும் பெண்ணைக் குறிக்கும் சொல். பதினைந்து, பதினாறு வயதுப் பெண் நூல் நூற்கிறாள். அவளுடைய உழைப்புக்கு வைத்த பெயரில் உழைப்பு இல்லை, ஊதியம் இல்லை, அவளும் இல்லை. இனி வரப்போகும் கணவன் மட்டுமே இருக்கிறான். மூன்றாண்டு உழைப்பின் பொருளை இப்படி ஒரே சொல்லால் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள முடிந்திருக்கிறது.

இதை எழுதும் எனக்கும் அதில் பங்குண்டு. 2003 வாக்கில் ஒரு கிராமப் பங்கில் பணியாற்றினேன். ஓர் ஆலையில் சேர்ப்பதற்கு நன்னடத்தைச் சான்று வேண்டும் என்று தாய் ஒருத்தி தன் மகளோடு வந்து நின்றாள். குடும்பத்தின் வறுமையை அறிவேன். உதவி என்று எண்ணியே எழுதிக் கொடுத்தேன். 'அடக்கமானவள், கீழ்ப்படிதல் உள்ளவள், எதிர்த்துப் பேசாதவள்' என்று அவளைப் புகழ்ந்திருந்தேன். எட்டாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்தவள் என்பதை எழுதவில்லை. மறைக்கல்வித் தேர்வில் பரிசு பெற்றவள் என்பதையும் எழுதவில்லை. இரண்டாண்டு முடியுமுன் உடல்நலம் கெட்டு, அத்தொகையும் இல்லாமல் அவள் ஊர் திரும்பினாள். அதன்பின் கோவிலுக்கு வந்தாலும் என்னைக் கண்டு பேசாமல் போய்விடுவாள். அடக்கத்துக்குச் சான்று அளித்தவனிடம் அவள் என்ன பேச முடியும்?

இன்று அக்கடிதத்தை ஒரு திறனாய்வாளனாக மனத்துக்குள் வாசிக்கும்போது, அது மாம்பழத் தோல் என்றே தெரிகிறது. சதையை வேறு யாருக்கோ எடுத்து வைத்துவிட்டு அவளுக்கு நான் கொடுத்தது அதுதான்.

பேச்சின் மதிப்பு

'சங்கதி' வெளிவந்த காலத்தில் நம் வட்டங்களில் எழுந்த முதல் குறை அதன் மொழியைப் பற்றியது. கொச்சை, வசை, நாகரிகமற்ற சொற்கள் என்றார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். இன்று அக்குறையை நான் ஏற்கவில்லை. பேச்சுமொழியை இந்நூல் உரையாடலுக்குள் மட்டும் அடைக்காமல், கதை சொல்லும் மொழியாகவே உயர்த்துகிறது. 'உன் வாய்மொழியும் அச்சேறத் தக்கது' என்பதே அது அப்பெண்களுக்கு அளிக்கும் முதல் மரியாதை. வாயைத் திறக்கும்போதெல்லாம் திருத்தப்படும் சிறுமி, தன் சொல் மட்டுமன்றித் தானும் பிழையானவள் என்றே எண்ணத் தொடங்குகிறாள். கம்பெனியில் ஒரு பனியனின் பழுதை நொடியில் கண்டுபிடிக்கும் பெண், தன்னிடம் நல்லது எது என்று கேட்டால் விழிப்பதைப் பார்க்கிறேன். பழுது தேடும் கண்ணை அவளுக்குக் கொடுத்தவர்கள் கம்பெனிக்காரர்கள் மட்டும் அல்லர்.

பேச்சுக்கு மதிப்பு வந்தால் என்ன நிகழும் என்பதற்கு அண்மையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியைச் சேர்ந்த ஆடைத் தொழிலாளி ஒருத்தி கொல்லப்பட்டாள். அதைத் தொடர்ந்து, பெண்களே தலைமையேற்று நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி, தொழிற்கூடத்தில் வேலை செய்யும் பெண்களுள் சிலர் பயிற்சி பெற்று, உடன் வேலை செய்பவர்களின் முறையீட்டைக் கேட்டு எடுத்துச் சொல்லும் பொறுப்பை ஏற்கிறார்கள். மாரியம்மாவின் ஊர்க்கூட்டத்தில் ஏறாத பேச்சு, இங்கே ஏறுவதற்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. ஒரு பெண் இறந்த பிறகே அது கிடைத்தது என்பது நம் வெட்கம்.

குறை ஒன்று

நூலில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிகழ்ச்சிகள் தாமாகவே பேசிய பின்னும், கதை சொல்பவள் நின்று விளக்கம் கூறுகிறாள். பிற்பகுதிக்குச் செல்லச் செல்ல இது மிகுகிறது. ஆணையும் பெண்ணையும் வேறுபாடின்றி வளர்க்க வேண்டும், பெண்களைச் சிறு வயதிலிருந்தே புதிய முறையில் சிந்திக்கப் பழக்க வேண்டும் என்னும் கருத்துகள் உண்மையே. எனினும் கயிற்றுப் பேருந்தின் காட்சிக்குள்ள ஆற்றல் அவ்வுரைகளுக்கு இல்லை. மண்ணரையில் வாசித்தபோதும் இதைக் கண்டேன். காட்சிகள் வந்தபோது பெண்கள் தங்கள் வீட்டுக் கதைகளைச் சொல்லத் தொடங்கினார்கள். விளக்கம் வந்தபோது அமைதியாகிவிட்டார்கள். அந்த அமைதி எனக்குப் பழக்கமானது. என் மறையுரையின்போது நிலவும் அமைதி அதுவே.

இக்குறையைப் பாமாவிடம் கண்ட பிறகு என்னிடமும் காண வேண்டியதாயிற்று. 1988இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பெண்ணின் மாண்பு பற்றித் திருத்தூது மடல் எழுதினார். அதைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். பேசி முடித்து இறங்கியபின் என் பங்கில் எந்தப் பெண்ணின் இலையில் என்ன விழுந்தது என்று பார்த்ததில்லை.

சிறுமிக்கு உணவு

மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் யாயிரின் மகள் வருகிறாள். வயது பன்னிரண்டு. இறந்துவிட்டாள் என்று வீடே அழுகிறது. இயேசு சிறுமியின் கையைப் பிடித்து, அவளிடமே பேசி, எழுந்திருக்கச் சொல்கிறார். அவள் எழுந்து நடக்கிறாள். பார்த்தவர்கள் மலைத்து நிற்கிறார்கள். அந்த மலைப்பின் நடுவே, அவளுக்கு உண்ணக் கொடுக்குமாறு அவர் பணிக்கிறார். அதோடு நிகழ்ச்சி முடிகிறது. லூக்காவும் இதைக் குறிக்கிறார், மத்தேயு விட்டுவிடுகிறார். உயிர்பெற்றதற்குச் சான்றாக அவ்வுணவு குறிக்கப்பட்டது என்று குருமடத்தில் படித்தோம். அவ்விளக்கம் தவறன்று. ஆனால் 'சங்கதி'யை வாசித்தபின் எனக்கு வேறொன்றும் தெரிகிறது. எல்லாரும் அற்புதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அச்சிறுமிக்குப் பசிக்கும் என்பதை ஒருவர் மட்டும் நினைத்தார். அவளுடைய மாண்பைப் பற்றி அவர் அங்கே ஒன்றும் போதிக்கவில்லை. கையைப் பிடித்தார், அவளிடம் பேசினார், சோறு போடச் சொன்னார்.

தன்மதிப்பு என்பது இவ்வாறு பெறப்படுவதே என்று எண்ணுகிறேன். தன்னிடம் பேசப்படும்போது, தன் பேச்சு கேட்கப்படும்போது, தன் உழைப்பு தன் பெயரால் அழைக்கப்படும்போது, தன் இலையில் முதல் பங்கு விழும்போது, ஒரு பெண் தன்னை மதிக்கக் கற்றுக்கொள்கிறாள். அதன்பின் யாராவது அவளுக்கு அட்டை எழுதிக் கொடுத்தால், அதில் உள்ளது உண்மை என்று அவளுக்குத் தெரியும்.

வரும் பங்குத் திருவிழா விருந்தைப் பற்றிப் பங்குப் பேரவையில் சென்ற வாரம் ஒரு கருத்தை வைத்தேன். ஒவ்வோர் ஆண்டும் நம் இளம்பெண்களே காய் நறுக்கி, பரிமாறி, கடைசிப் பந்தியில் இருப்பதை உண்கிறார்கள். இந்த முறை அவர்கள் முதல் பந்தியில் அமரட்டும், இளைஞர்கள் பரிமாறட்டும் என்றேன். "அப்படி வழக்கமில்லைங்களே சாமி" என்றார் பெரியவர் ஒருவர். வேறொருவர், பெண்களே அதை விரும்ப மாட்டார்கள் என்றார். அவர்களைக் கேட்டுப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை யாரும் கேட்டதில்லை.